மானுக்கு உப்பு வைப்பது: கட்டியை வாங்கும் முன் மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவின் கிராமப்புறக் கடைகளில் குளிர்காலம் முடியும் தறுவாயில் மான்களுக்கான தாது உப்புக் கட்டிகள் வந்து குவியும். உறையின் மேல் கிளைகிளையாகக் கொம்பு விரித்த ஆண் மானின் படம் இருக்கும். அதே கட்டியை வாங்கிக் கொண்டுபோய்ச் சொந்த நிலத்தில் வைத்தால் அபராதம் விதிக்கப் பல மாநிலங்களின் சட்டத்தில் இடமிருக்கிறது. பக்கத்து மாநிலத்தில் அதையே தாராளமாக வைக்கலாம். கடையில் விற்கலாம், நிலத்தில் வைக்கக் கூடாது என்றால் அது என்ன கணக்கு?

மான் ஏன் உப்பைத் தேடுகிறது, உப்பு வைத்த மண்ணுக்கு என்ன ஆகிறது என்ற இரண்டும் புரிந்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். எந்தக் கட்டியை வாங்குவது, எங்கே வைப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருபவை. இங்கே பேசப்படுவது பெரும்பாலும் வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானைப் பற்றி. அங்கே நில உரிமையாளர்களும் வேட்டைக்காரர்களும் தானியங்கி கேமரா வைத்து மான்களைக் கணக்கெடுப்பவர்களும் உப்பு வைக்கிறார்கள். இந்தியாவில் சட்டமே வேறு, அதற்கும் வருவோம்.

மான் ஏன் மண்ணை நக்குகிறது?

பெரும்பாலான நிலத் தாவரங்களுக்கு சோடியம் தேவையில்லை. அவற்றுக்கு வேண்டியது பொட்டாசியம். அதனால் இலையிலும் தளிரிலும் பொட்டாசியம் நிறைய இருக்கும், சோடியம் பெயருக்குத்தான் இருக்கும். அந்த இலையைத் தின்று வாழும் விலங்குக்கோ சோடியம் இல்லாமல் நரம்பும் தசையும் இயங்காது. ஓநாய்க்கும் புலிக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. இரையின் இரத்தத்திலும் இறைச்சியிலும் வேண்டிய உப்பு இருக்கிறது. தழை தின்னும் விலங்குகள்தான் உப்பைத் தனியாகத் தேடிப்போக வேண்டும்.

இந்தத் தேவை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் அது உச்சத்துக்குப் போகிறது. காரணங்கள் இவை:

1. வசந்தத்தில் முளைக்கும் தளிரில் தண்ணீரும் பொட்டாசியமும் மிக அதிகம். மிகுதியான பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றும்போது உடலில் இருக்கும் கொஞ்ச சோடியமும் சேர்ந்து கழிகிறது. மாதக்கணக்கில் காய்ந்த சுள்ளியைக் கடித்துக்கொண்டிருந்த மானுக்குப் பச்சை கிடைத்த அதே நேரத்தில் உப்புப் பஞ்சம் வருவது இதனால்தான்.

2. மே கடைசியிலும் ஜூனிலும் பெண் மான்கள் குட்டி போடுகின்றன. பால் சுரக்க சோடியம் வேண்டும்.

3. குளிர்காலத்தில் இளைத்த உடம்பு தேற ஆரம்பிக்கிறது. புதிதாக உருவாகும் ஒவ்வொரு திசுவுக்கும் உப்பு வேண்டும்.

1970-களில் இந்தியானா மாநிலத்தில் வீக்ஸ், கிர்க்பாட்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள் வெள்ளைவால் மான்களின் சோடியப் பற்றாக்குறையை ஆராய்ந்து 1976-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வசந்தகாலத்தில் மான்கள் உவர்மண்ணைத் தேடிப்போவதற்கு சோடியப் பசியே காரணம் என்ற புரிதல் இத்தகைய ஆய்வுகளால்தான் உறுதிப்பட்டது. மற்ற விலங்குகளிலும் இதைப் பார்க்கலாம். சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவில் மூஸ் என்னும் பெரிய மான்கள் கோடையில் தண்ணீருக்குள் இறங்கி நீர்த்தாவரங்களை மேய்கின்றன. கரையில் வளரும் செடிகளைவிட அவற்றில் சோடியம் பல மடங்கு அதிகம்.

இயற்கையாகவே உப்பு ஊறும் இடங்களும் உண்டு. கென்டக்கியில் பிக் போன் லிக் என்ற இடத்தில் உப்பு ஊற்றுகளைத் தேடிவந்து சேற்றில் சிக்கிய, மாஸ்டடான் என்னும் யானையினம் போன்ற பனிக்கால விலங்குகளின் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. 1807-இல் ஜனாதிபதி ஜெஃபர்சனுக்காக வில்லியம் கிளார்க் அங்கே எலும்புகளைத் தோண்டி எடுத்தார். பைசன் என்னும் காட்டெருமைகளின் மந்தைகள் உப்பு ஊற்றுகளுக்கு நடந்து நடந்து உண்டாக்கிய தடங்களில்தான் பின்னாளில் குடியேறிகள் வண்டி ஓட்டினார்கள். ஓர் உப்பு இடம் விலங்குகளுக்குப் பழகிவிட்டால் தலைமுறை தலைமுறையாக அவை அங்கேயே வரும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். கட்டுரையின் பின்பகுதிக்கு இது முக்கியம்.

இதில் வேட்டைக்காரர்கள் அதிகம் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. கோடை முடிந்து இலையுதிர் காலம் வரும்போது தாவரங்களில் நீரும் பொட்டாசியமும் குறைகின்றன, குட்டிகள் பால்குடி மறக்கின்றன, உப்பின் மேல் மானுக்கு இருந்த ஆவலும் தணிந்துவிடுகிறது. வேட்டைப் பருவமோ பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில். ஆக, மான் உப்புக்கு வரும் காலமும் வேட்டைக் காலமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கோடையில் கேமராவில் மான்களைப் பார்க்கவும் எண்ணவும் உப்பு உதவும். நவம்பரில் மானைக் கொண்டுவந்து நிறுத்தும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் வீண். கடலோர நிலங்களில் கடற்காற்றே செடிகளின் மேல் உப்பைத் தூவிவிடுவதால், அங்கே கோடையிலும் கட்டிக்கு அவ்வளவு வரவேற்பு இருக்காது.

கொம்பு பெரிதாகுமா?

உறையில் இருக்கும் படம் சொல்லும் கதை கொம்பைப் பற்றியது. அதில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம்.

மான் கொம்பு ஆட்டுக் கொம்பைப் போன்றதல்ல. அது எலும்பு. ஒவ்வோர் ஆண்டும் உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. வெள்ளைவால் மானுக்கு மார்ச், ஏப்ரலில் முளைவிட்டு, மெல்லிய மயிர்த்தோல் போர்த்தபடி வளர்ந்து, ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில் இறுகிவிடும். விலங்குகளின் உடலில் இவ்வளவு வேகமாக வளரும் திசு வேறு அதிகம் இல்லை. இறுகிய கொம்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கால்சியம், பத்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ். இவ்வளவையும் சில மாதங்களில் தீவனத்திலிருந்து மட்டும் திரட்ட முடியாது. மான் தன் விலா எலும்பு போன்றவற்றிலிருந்து தாதுக்களைக் கடன் வாங்கிக் கொம்புக்கு அனுப்புகிறது. பிறகு மேய்ந்து அந்தக் கடனை அடைக்கிறது.

சரி, அப்படியானால் கால்சியமும் பாஸ்பரஸும் கொடுத்தால் கொம்பு பெரிதாக வேண்டுமே? அந்த முடிவுக்குத் தாவுவதில் இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது, மான் கால்சியத்தைத் தேடி வருவதில்லை. கால்சியம், பாஸ்பரஸ் உப்புகளைத் தனியாக வைத்தால் பெரும்பாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் அவற்றோடு சாதாரண உப்பைக் கலக்கிறார்கள். பல கட்டிகளில் பெரும்பங்கு சமையலறையில் இருக்கும் அதே சோடியம் குளோரைடுதான். இரண்டாவது, ஓரளவு நல்ல தீவனம் கிடைக்கும் மானுக்குக் கூடுதல் தாது கொடுத்தால் கொம்பு பெரிதாகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அடைத்து வளர்த்த மான்களில் நடந்த சோதனைகளிலும் அப்படிப்பட்ட பலன் தெளிவாகத் தெரியவில்லை. கொம்பின் அளவை முடிவுசெய்பவை வயது, ஆண்டு முழுவதும் கிடைக்கும் மேய்ச்சல், பரம்பரை. ஆண் மான் ஐந்து வயதைத் தாண்டும்போதுதான் அதன் கொம்பு முழு வளர்ச்சியை எட்டுகிறது. ஒன்றரை வயதிலேயே சுடப்பட்டுவிடும் மானுக்கு எத்தனை மூட்டை தாது கொட்டினாலும் பயனில்லை.

கொம்புக்காக உப்பு வைக்க நினைப்பவர், அந்தப் பணத்தில் நிலத்தில் தீவனச் செடி வளர்ப்பதும் இளம் ஆண் மான்களை விட்டுவைப்பதும் மேல் என்பதே என் கருத்து.

மண்ணில் தங்கும் நோய்

தடைக்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. அதன் பெயர் நாள்பட்ட மெலிவு நோய். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு சி.டபிள்யூ.டி. என்பார்கள். 1967-இல் கொலராடோவில் ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்க்கப்பட்ட மியூல் மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது. 1978-இல் எலிசபெத் வில்லியம்ஸ் என்ற கால்நடை நோய்க்குறியியலாளர் இது மூளையைப் பஞ்சுபோல் துளையாக்கும் நோய் வகையைச் சேர்ந்தது என்று கண்டறிந்தார். மாடுகளுக்கு வந்த பைத்திய மாட்டு நோயும் இதே குடும்பம்தான். இன்று அமெரிக்காவில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் கனடாவின் சில மாகாணங்களிலும் பரவியிருக்கிறது. மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது, தொற்றிய மான் பிழைப்பதும் கிடையாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதிசெய்யப்பட்ட நிகழ்வு எதுவும் இல்லை. என்றாலும் நோயுள்ள மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்றே சுகாதாரத் துறை சொல்கிறது.

நோயைக் கொண்டுவருவது பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. பிரியான் எனப்படும், வடிவம் பிறழ்ந்த புரதம். அது உடலுக்குள் போனதும் நல்ல புரதங்களையும் தன்னைப்போல மடங்கச் செய்கிறது. உப்பு வைப்பவர் அறிய வேண்டிய பண்புகள்:

1. நோய் வெளியே தெரிய ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். அதற்கு வெகு முன்பே எச்சில், சிறுநீர், சாணம் வழியாகப் பிரியான் வெளியேறத் தொடங்கிவிடும். கேமராவில் கொழுகொழுவென்று தெரியும் மானும் நோயைப் பரப்பலாம்.

2. வெயில், பனி, சமையல் சூடு எதுவும் பிரியானை அழிக்காது. மண்ணில் பல ஆண்டுகள் தங்கும்.

3. களிமண்ணோடு அது இறுக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டாலும் வீரியம் குறைவதில்லை. மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தாதுவோடு சேர்ந்த பிரியான், வாய்வழியாகத் தொற்றும் திறனில் பல நூறு மடங்கு கூடியதாக 2007-இல் வெளியான ஓர் ஆய்வு ஹாம்ஸ்டர் எலிகளில் கண்டது.

இனி உப்பு வைத்த இடத்தை நினைத்துப் பாருங்கள். ஊரே வாய் வைத்துக் குடிக்கும் ஒற்றைக் குவளை அது. காட்டில் ஒரு மான் இங்கொரு இலையும் அங்கொரு தளிருமாக மேயும். மற்றொரு கூட்டத்தின் எச்சில் பட்ட இடத்தில் வாய் வைக்க வாய்ப்பு குறைவு. உப்பு இடத்திலோ வெவ்வேறு கூட்டங்களைச் சேர்ந்த மான்கள் ஒரே சாண் அகல மண்ணை மாற்றி மாற்றி நக்குகின்றன, அங்கேயே சிறுநீரும் சாணமும் கழிக்கின்றன, மறுபடி அதே மண்ணைத் தின்கின்றன.

இது வெறும் அனுமானம் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மத்தியப் பகுதியில், நோய் பரவிய இடங்களில் மான்கள் பயன்படுத்திய 11 உப்பு இடங்களைச் சோதித்தபோது 9 இடங்களில் பிரியான் கிடைத்தது. அந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அதற்கு முன்பே நார்வேக்கு இதே கவலை வந்துவிட்டது. 2016-இல் நூர்ஃபியெல்லா மலைப்பகுதியின் காட்டு ரெய்ன்டீர்களில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. செம்மறிகளுக்காக மேய்ச்சல் நிலத்தில் வைத்திருந்த உப்புக் கற்களை ரெய்ன்டீர்களும் நக்கிவந்ததால் அந்த இடங்கள் மேல் சந்தேகம் விழுந்தது. கடைசியில் அந்தப் பகுதியின் ரெய்ன்டீர் கூட்டத்தையே, சுமார் 2,000 விலங்குகளை, 2018-க்குள் கொன்று தீர்த்தார்கள். அவ்வளவு கடுமையான முடிவுக்கு ஒரு நாடு போனது என்றால், மண்ணுக்குள் போனதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால்தான்.

உப்பு வைக்கும் வழிகாட்டிகள் எல்லாமே "மணல் வேண்டாம், களிமண் உள்ள இடமாகப் பாருங்கள், உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்" என்று சொல்லும். அது சரியான அறிவுரைதான். ஆனால் உப்பைப் பிடித்து வைக்கும் அதே களிமண்தான் பிரியானையும் பிடித்து வைக்கிறது. நன்றாக அமைந்த உப்பு இடம் எதுவோ, நோய் வந்தால் மோசமான இடமும் அதுவே.

சட்டம் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

அமெரிக்காவில் மான்கள் மாநில அரசின் பொறுப்பு. அதனால் ஐம்பது மாநிலத்துக்கும் தனித்தனி விதி. பெரும்பாலானவை மூன்று கேள்விகளை வைத்துப் பிரிக்கின்றன.

1. இந்த மாவட்டத்திலோ பக்கத்திலோ மெலிவு நோய் கண்டறியப்பட்டிருக்கிறதா? விஸ்கான்சினில் இதை வைத்தே மாவட்டவாரியாகத் தடை வருகிறது. மிச்சிகன் 2019 ஜனவரி இறுதியில் கீழ்த் தீபகற்பம் எனப்படும் தன் தென்பகுதி முழுவதிலும் மானுக்கு உணவோ உப்போ வைத்து ஈர்ப்பதைத் தடைசெய்தது. 1994 முதல் அந்தத் தீபகற்பத்தின் வடகிழக்கில் மான்களிடையே மாட்டுக் காசநோயையும் சமாளித்துக்கொண்டிருந்த மாநிலம் அது.

2. வைப்பது வேட்டைக்கா, பார்ப்பதற்கா? சில இடங்களில் உப்பு வைக்கலாம், ஆனால் அதன் பக்கத்தில் வேட்டையாடக் கூடாது. கட்டியை எடுத்துவிட்டாலும் மண்ணில் உப்பு ஊறியிருக்கும் வரை அது ஈர்ப்பு இடமாகவே கணக்கில் வரும் என்று கருதும் விதிகளும் உண்டு. "நான் எடுத்துவிட்டேனே" என்பது அங்கே செல்லாது.

3. நிலம் யாருடையது? தனியார் நிலத்தில் அனுமதிக்கும் மாநிலமும் அரசு நிலத்தில் தடுக்கலாம்.

கடையின் மேல் வேறு விதி. அதே கட்டியை மாட்டுக்கும் குதிரைக்கும் வாங்குகிறார்கள் என்பதால் விற்பனையைத் தடுக்க முடியாது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: தடை பொருளுக்கு இல்லை, காட்டு மான்களை ஒரே இடத்தில் கூட்டும் செயலுக்கு. ஒவ்வோர் ஆண்டும் மாநிலத் துறையின் புதிய விதியைப் பார்க்க வேண்டும். நோய் எல்லை நகர நகர விதியும் நகர்கிறது.

இந்தியாவில் தனியாருக்கு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே கண்ணி வைப்பது, விரட்டுவது ஆகியவற்றோடு தூண்டில் பொருள் வைத்து விலங்கை ஈர்ப்பதையும் சேர்த்திருக்கிறது. புள்ளிமான் வந்தால் படம் எடுக்கலாமே என்று காட்டோரத் தோட்டத்தில் உப்பு வைப்பவரும் இந்த விளக்கத்துக்குள் சிக்க நேரும். கோடையில் சரணாலயங்களில் வனத்துறை தண்ணீர்த் தொட்டிகளோடு உப்புக் கட்டி வைப்பதும் உண்டு. அது துறையின் பொறுப்பில் நடக்கும் வேலை. இங்கே மெலிவு நோயின் இடத்தில் கோமாரியை வைத்துப் பார்க்க வேண்டும். மாட்டுக்கு வைத்த உப்பைக் காட்டு விலங்கும் நக்கும் இடங்களில் அந்த நோய் எந்தப் பக்கமும் தாவலாம்.

அனுமதி இருந்தால்: எதைத் தேர்வது?

நோய் இல்லாத பகுதி, விதியும் தடுக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே இந்தப் பகுதி பயன்படும்.

1. வெள்ளை உப்புக் கட்டி. வெறும் சோடியம் குளோரைடு. எடையில் 39 விழுக்காடு சோடியம். விலை மிகக் குறைவு. மானை வரவழைக்கும் வேலையை இதுவே முழுதாகச் செய்துவிடும்.

2. சிவப்புக் கட்டி. மாட்டுக்கு வைக்கும் நுண்தாது உப்பு. 95 விழுக்காட்டுக்கு மேல் உப்புதான்; இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம் போன்றவை துளித்துளி. நிறத்துக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. 50 பவுண்டுக் கட்டி, அதாவது ஏறக்குறைய 23 கிலோ, எல்லாத் தீவனக் கடையிலும் கிடைக்கும். பலருக்கும் இதுவே போதும்.

3. தூள் அல்லது குருணைக் கலவை. மண்ணோடு கலந்துவிடலாம் என்பதால் சீக்கிரம் பலன் தரும். வீட்டில் கலப்பவர்கள் பரவலாகப் பின்பற்றும் அளவு: டைகால்சியம் பாஸ்பேட் ஒரு பங்கு, சிவப்பு நுண்தாது உப்புத் தூள் இரண்டு பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. இதில் பாஸ்பரஸும் கிடைக்கும், உப்பு அதைத் தின்னவும் வைக்கும்.

4. வெல்லப்பாகு, ஆப்பிள் மணம், சோளம் சேர்த்த கட்டிகள். இவற்றை வாங்காதீர்கள். இனிப்புக்கு மான் வருமுன் ரக்கூனும் கரடியும் வந்து சேரும். தானியத்தில் பூஞ்சை பிடித்து நச்சு உண்டாகலாம். பழக்கமில்லாத வயிற்றில் தானியம் நிறையப் போனால் இரைப்பையில் அமிலம் மிகுந்து மானே சாகலாம், குறிப்பாகக் குளிர்காலத்தில்.

5. கடையில் விற்கும் விலையுயர்ந்த "கொம்புத் தாதுக்கள்". உறையைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். உப்பின் பங்கு எவ்வளவு, கால்சியமும் பாஸ்பரஸும் எவ்வளவு என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்றாவது வகையையே நான்கு மடங்கு விலைக்கு வாங்குகிறோமா என்பது புரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: அதே நிலத்தில் செம்மறி மேய்ந்தால் தாமிரம் சேர்த்த கலவையை அறவே தவிர்க்க வேண்டும். மாட்டுக்கும் மானுக்கும் ஒத்துப்போகும் தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து உயிரை எடுத்துவிடும்.

எங்கே, எப்படி வைப்பது?

காலம் முதலில். குளிர்காலக் கடைசியில், பிப்ரவரி, மார்ச் வாக்கில் வைத்தால் தளிர் வரும்போது மான்களுக்கு இடம் பழகியிருக்கும். ஜூலையில் வைத்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் பொருளில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, மான்கள் படுக்கும் புதருக்கும் மேயும் இடத்துக்கும் நடுவே ஏற்கெனவே இருக்கும் தடத்தின் ஓரமே சிறந்தது. மானை அதன் வழியிலிருந்து இழுக்க முயலாமல், அதன் வழியில் வைப்பதுதான் சூட்சுமம். படுக்கும் புதருக்கு மிக அருகே போனால், நாம் போய்வரும் ஒவ்வொரு முறையும் அவை கலையும். தண்ணீர் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். உப்புத் தின்றால் தாகம் எடுக்கும். ஆனால் ஓடைக் கரையிலேயே வைக்கக் கூடாது. மழையில் உப்பு கரைந்து ஓடைக்குள் போனால் மீனுக்கும் தவளைக்கும் கேடு.

சாலையிலிருந்து எட்டவே இருக்க வேண்டும். இதைக் கட்டாயம் என்றே சொல்வேன். பனி உருக்கச் சாலையில் தூவும் உப்பு ஓரக் குட்டைகளில் தேங்கி மூஸ்களை இழுத்ததால் கியூபெக்கில் விபத்துகள் ஏற்பட்டன. லாரன்டைட்ஸ் வனப்பகுதியில் அந்த உப்புக் குட்டைகளை வடித்துக் கல் போட்டு நிரப்ப வேண்டியிருந்தது. உப்புக்காகச் சாலையைக் கடக்கும் மான் தானும் சாகும், வண்டியில் வருபவரையும் கொல்லும். பக்கத்து நிலத்தின் வேலியை ஒட்டியும் வைக்க வேண்டாம். வீண் சண்டை வரும்.

வைக்கும் முறை:

1. சமதளமான, களிமண் கலந்த இடத்தைப் பாருங்கள். சரிவில் வைத்தால் முதல் மழையிலேயே உப்பு இறங்கிப் போய்விடும். மணற்பாங்கான நிலத்தில் சில வாரத்தில் ஆழத்துக்குப் போய்விடும்.

2. சருகை அகற்றி, ஒரு மீட்டர் அகலத்துக்குள் மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்திவிடுங்கள்.

3. தூளாக இருந்தால் 10 முதல் 20 கிலோ வரை மண்ணோடு கலந்து, மேலே கொஞ்சம் தூவினால் போதும். கட்டியாக இருந்தால் கொத்திய மண்ணின் மேல் நேராக வைக்கலாம். உளுத்த மரக்கட்டையின் மேல் வைப்பவர்களும் உண்டு. மழையில் உப்பு கட்டைக்குள் இறங்கி, மான் கட்டையையே கடிக்கும்.

4. கேமராவை மூன்று, நான்கு மீட்டர் தள்ளி, வடக்குப் பார்த்து மாட்டுங்கள். கிழக்கோ மேற்கோ பார்த்தால் காலையிலும் மாலையிலும் வெயில் படத்தைக் கெடுத்துவிடும்.

5. அடிக்கடி போகாதீர்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும்.

எத்தனை இடம்? 60 முதல் 100 ஏக்கருக்கு ஒன்று என்பது நடைமுறையில் சொல்லப்படும் அளவு. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் மூன்று இடத்தில் வைக்கத் தேவையில்லை. அவரிடம் வரும் மான் அக்கம்பக்கத்து ஏக்கர்களிலும் சுற்றும் மான்தான்.

முதல் சில வாரம் ஒன்றும் வராமல் போகலாம். ஒரு பெண் மான் கண்டுபிடித்துவிட்டால் அதன் குட்டிகளும் கூட வரும், மறு ஆண்டு அவை தாமாகவே வரும். இரண்டு, மூன்று ஆண்டில் கட்டி இருக்கும் இடமே தெரியாது. அங்கே முழங்கால் ஆழக் குழி ஒன்று இருக்கும், மான்கள் அந்தக் குழியின் மண்ணைத் தின்றுகொண்டிருக்கும்.

ஏற்கெனவே வைத்த இடத்தை மூடுவது

நிலத்தின் பகுதி நோய் எல்லைக்குள் வந்துவிட்டால், நிரப்புவதை நிறுத்துவது முதல் வேலை. அது மட்டும் போதாது. நிரப்பாமல் விட்டாலும் மண்ணில் ஊறிய உப்புக்காக மான்கள் பல ஆண்டு வரும். மிச்சக் கட்டியை எடுத்துவிட்டு, மான் உள்ளே தலை நுழைக்க முடியாதபடி குழியைப் பெரிய கற்களால் நிரப்பி மூடலாம், அல்லது உயரமான வேலி போடலாம். உப்பேறிய மண்ணைத் தோண்டி இன்னோர் இடத்தில் கொட்டுவது ஆபத்து. பிரியானும் அதோடு இடம் மாறும். தோண்டத்தான் வேண்டும் என்றால் மண்ணை எங்கே சேர்ப்பது என்று மாநில வனவிலங்குத் துறையிடம் கேட்ட பிறகே தோண்ட வேண்டும். அங்கே பயன்படுத்திய மண்வெட்டியையும் காலணியையும் கழுவாமல் வேறு மான் நிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்த இடத்தின் பக்கத்தில் மெலிந்து, தலை தாழ்த்தி, எச்சில் வடிய நிற்கும் மானைப் பார்த்தால் நெருங்காமல், இருக்குமிடத்தைக் குறித்துக்கொண்டு உடனே துறைக்குச் சொல்லுங்கள்.